சம்பளக்காரர் இறந்த பிறகு: குடும்பத்துக்கு வரவேண்டிய பணமும் அது சிக்கிக்கொள்ளும் இடங்களும்

தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் இறந்துபோனால், காரியமெல்லாம் முடிந்த கையோடு சொந்தத்தில் யாராவது ஒரு பெரியவர் கேட்பார்: "பி.எஃப். பணத்துக்கு எழுதிப் போட்டாச்சா?" நல்ல கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி. பி.எஃப். அலுவலகத்திலிருந்தே மூன்று தனித்தனிப் பணங்கள் வரவேண்டியிருக்கிறது. நிறுவனத்திலிருந்து இன்னும் மூன்று நான்கு. வேலையினால் நேர்ந்த சாவு என்றால் அதற்கு மேலும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, படிவம் வேறு, பணம் யார் கைக்குப் போகும் என்ற விதியும் வேறு. ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று காத்திருந்து ஏமாறும் குடும்பங்கள் நிறைய.

முதலில் பி.எஃப். அலுவலகம். மூன்று பணங்களில் முதலாவது, சேமிப்பில் கிடக்கும் தொகை. இதற்குப் படிவம் 20. இரண்டாவது, மாத ஓய்வூதியம். இதற்குப் படிவம் 10-டி. மூன்றாவது, பலருக்குப் பெயர்கூடத் தெரியாத இ.டி.எல்.ஐ. என்னும் காப்பீடு, இதற்குப் படிவம் 5-ஐ.எஃப். இப்போது மூன்றையும் ஒன்றாக்கி, மரணத்துக்கென்றே ஒரு கூட்டுப் படிவம் இருக்கிறது. அதில் எந்தெந்தப் பணம் கேட்கிறீர்கள் என்று குறிக்கும் கட்டங்கள் உண்டு. சேமிப்புக்கு மட்டும் குறியிட்டுவிட்டு மற்ற இரண்டையும் வெறுமையாக விட்டால் அலுவலகம் சேமிப்பை மட்டும் கொடுத்துக் கோப்பை மூடிவிடும்.

இ.டி.எல்.ஐ.யைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1976-இல் வந்த திட்டம் இது. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் அரை சதவீதத்தை நிறுவனமே கட்டுகிறது. சம்பளச் சீட்டில் இது தெரிவதில்லை, அதனால்தான் வீட்டுக்கும் தெரிவதில்லை. கணக்கு இப்படி: கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை, 15,000 ரூபாய் உச்சவரம்போடு, 35 ஆல் பெருக்க வேண்டும். அதோடு அந்த 12 மாதத்தில் பி.எஃப். கணக்கில் இருந்த சராசரி இருப்பில் பாதியை, 1,75,000-க்கு மிகாமல், கூட்ட வேண்டும். சராசரிச் சம்பளம் 12,000, சராசரி இருப்பு 1,60,000 என்றால் 4,20,000-உம் 80,000-உம் சேர்ந்து 5 லட்சம். உச்சத் தொகை 7 லட்சம். இறப்பதற்கு முன் 12 மாதம் தொடர்ச்சியாக வேலையில் இருந்தவருக்கு எவ்வளவு குறைந்தாலும் 2,50,000. இந்த 12 மாதமும் ஒரே நிறுவனத்தில் கழிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

2025-இல் வந்த திருத்தங்கள் சில பழைய ஓட்டைகளை அடைத்தன. ஓராண்டு முடியும் முன்பே இறந்தவரின் குடும்பத்துக்கு இப்போது குறைந்தது 50,000 உண்டு. ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேர இரண்டு மாதம் வரை இடைவெளி விழுந்திருந்தால், அதைத் தொடர்ச்சி அறுந்ததாக எடுப்பதில்லை. நோயால் சம்பளமில்லா விடுப்பில் கிடந்து இறந்தவர் விஷயத்தில், கடைசிச் சந்தா வந்து ஆறு மாதத்துக்குள் மரணம் நேர்ந்து, பெயரும் பணியாளர் பட்டியலிலிருந்து நீக்கப்படாமல் இருந்தால் காப்பீடு செல்லும். இந்த மூன்றாவதுதான் முன்பெல்லாம் அதிகக் குடும்பங்களைக் கைவிட்டது. புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு என்று மாதக்கணக்கில் படுத்திருந்தவர்களுக்குச் சந்தா நின்றுபோயிருக்கும், அதைக் காட்டியே மறுப்பார்கள்.

இந்தப் பணம் கிடைக்க ஒரே நிபந்தனை, இறக்கும்போது அவர் பணியில் இருந்திருக்க வேண்டும் என்பது. வீட்டில் இறந்தாரா, விடுப்பில் ஊருக்குப் போன இடத்தில் இறந்தாரா, நோயா, விபத்தா என்பதெல்லாம் பொருட்டே இல்லை. ஆனால் 'பணியில் இருந்தார்' என்பதை பி.எஃப். அலுவலகம் எங்கே பார்த்துத் தெரிந்துகொள்கிறது? நிறுவனம் கணினியில் பதிந்த இரண்டே இரண்டு விவரங்களில்: விலகிய தேதி, விலகிய காரணம். காரணத்தில் 'பணியின்போது மரணம்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஹெச்.ஆர். பிரிவில் மாதக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் வழக்கம்போல 'வேலையை விட்டு நின்றார்' என்று போட்டுவிட்டாலோ, தேதியை மாதக் கடைசி என்று போட்டுவிட்டாலோ, 7 லட்சம் ரூபாய் அந்த ஒரு சொடுக்கில் சிக்கிக்கொள்ளும். ஆகவே படிவத்தைத் தேடுவதற்கு முன்பே நிறுவனத்துக்கு இறப்புச் சான்றிதழ் நகலோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, விலகிய தேதியாக இறந்த தேதியையும் காரணமாக மரணத்தையும் பதியச் சொல்லுங்கள். பதிந்ததும் அந்தத் திரையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று வீட்டிலேயே நடக்கும். இறந்தவரின் செல்போன் கையில் இருக்கும், யு.ஏ.என். என்னும் பி.எஃப். பொதுக் கணக்கு எண்ணின் கடவுச்சொல்லும் தெரிந்திருக்கும். விவரம் தெரிந்த தம்பியோ மருமகனோ உள்ளே போய், அவரே எடுப்பதுபோல ஆன்லைனில் படிவம் 19 போட்டுப் பணத்தை எடுக்கப் பார்ப்பார். செய்யவே கூடாது. இறந்த தேதிக்குப் பிறகு இறந்தவரே கையெழுத்திட்டதாக ஆகிவிடும் அது. உயிரோடு இருந்து வேலையை விட்டதாகப் பதிவாகி இ.டி.எல்.ஐ.யும் ஓய்வூதியமும் சிக்கலாகும். மோசடி என்ற கேள்வியும் வரும். சிம் கார்டை மட்டும் உயிரோடு வைத்திருங்கள், வங்கிச் செய்திகளும் நிறுவனத்தின் தகவல்களும் அதில் வரும். இ-நாமினேஷன், அதாவது ஆன்லைனில் நாமினி நியமனம், செய்துவைத்திருந்தால் நாமினி தன் சொந்த ஆதார் ஓ.டி.பி. வைத்தே அதே தளத்தில் மரணக் கோரிக்கையை ஆன்லைனில் பதியலாம். அதற்கென்று தனி இணைப்பு இருக்கிறது.

சில நிறுவனங்கள் இ.டி.எல்.ஐ.க்கு விலக்கு வாங்கி, அதற்குப் பதிலாக எல்.ஐ.சி. போன்ற நிறுவனத்தில் குழுக் காப்பீடு எடுத்திருக்கும். அப்போது 5-ஐ.எஃப். போட்டால் திரும்பி வரும். கோரிக்கை நிறுவனம் வழியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் பி.எஃப். சேமிப்பையே சொந்த அறக்கட்டளை வைத்து நடத்துவார்கள். அங்கே சேமிப்புக்கு அறக்கட்டளையிடம் ஒரு மனு, ஓய்வூதியத்துக்கு பி.எஃப். அலுவலகத்தில் ஒரு மனு. எந்த அலுவலகம் என்பதும் கவனிக்க வேண்டியது. குடும்பம் மதுரையில் இருக்கலாம், அவர் வேலை பார்த்தது கோவையாக இருக்கலாம், ஆனால் நிறுவனத்தின் கணக்கு பெங்களூரில் இருந்தால் மனு பெங்களூருக்குத்தான். உறுப்பினர் எண்ணின் முன்னால் இருக்கும் எழுத்துகள் மண்டலத்தையும் அலுவலகத்தையும் காட்டும்.

அடுத்தது ஓய்வூதியம். பணியில் இருக்கும்போது இறந்தால் பத்து வருடச் சேவை என்ற விதி கிடையாது. ஒரு மாதச் சந்தா போயிருந்தாலே மனைவிக்கோ கணவருக்கோ ஓய்வூதியம் உண்டு. ஆயுள் முழுக்க அல்லது மறுமணம் வரை. அதோடு 25 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் ஒரே சமயத்தில் இருவருக்கு, ஒவ்வொருவருக்கும் துணைவர் ஓய்வூதியத்தில் கால் பங்கு. மூத்த பிள்ளை 25-ஐத் தாண்டினால் மூன்றாவது பிள்ளை அந்த இடத்துக்கு வரும். தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைக்கு முக்கால் பங்கு. உடற்குறையால் முழுமையாக இயங்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்க. துணைவருக்கு மாதம் 1,000, பிள்ளைக்கு 250 என்பவை குறைந்தபட்சத் தொகைகள். சொற்பம்தான், ஒரு வீட்டை நடத்த இது எந்த மூலைக்கு என்று தோன்றும். ஆனாலும் 30 வயதில் துணையை இழந்தவருக்கு இது நாற்பது வருடம் வரக்கூடிய பணம். சின்னத் தொகை என்று படிவத்தை ஒதுக்கிவிட வேண்டாம்.

ஓய்வூதியமே வராத ஒரு கூட்டமும் உண்டு. 2014 செப்டம்பர் 1-லிருந்து புதிதாகப் பி.எஃப்.-இல் சேர்ந்தவர், சேரும்போதே அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000-க்கு மேல் வாங்கியிருந்தால், அவர் ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினரே இல்லை. மென்பொருள் நிறுவன ஊழியர்கள் பலர் இப்படித்தான். பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தி பூஜ்ஜியமாக இருக்கும். இவர்களுக்கும் இ.டி.எல்.ஐ. உண்டு என்பதை மறக்கக் கூடாது. தகுதி இல்லாதவருக்கு நிறுவனம் தவறாக மாதம் 1,250 ஓய்வூதியத்தில் கட்டியிருந்தால் 10-டி மறுக்கப்படும். அப்போது அந்தத் தொகையைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

பணம் யாருக்கு என்பதில்தான் வீடுகள் உடைகின்றன. பி.எஃப். விதிப்படி, குடும்பம் உள்ளவர் குடும்பத்துக்கு வெளியே யாரையும் நாமினியாகப் போட முடியாது, போட்டாலும் செல்லாது. குடும்பம் இல்லாதபோது அண்ணனையோ நண்பனையோ போட்டிருந்தால், கல்யாணம் ஆனதும் அந்த நியமனம் தானே செத்துவிடும். சேமிப்பு விதியில் 'குடும்பம்' என்ற சொல்லுக்குள் சார்ந்திருக்கும் பெற்றோரும் அடங்குவர். ஓய்வூதிய விதியில் துணைவரும் பிள்ளைகளும் மட்டும். அம்மா பெயர் பி.எஃப். நியமனத்தில் இருந்தாலும் ஓய்வூதியம் மனைவிக்குத்தான் போகும். மாமியாரும் மருமகளும் இதைப் புரிந்துகொள்ளாமல் ஒருவர் படிவத்துக்கு இன்னொருவர் ஆட்சேபம் எழுதி, இரண்டு பணத்தையும் நிறுத்திவைத்துவிடுகிறார்கள்.

நியமனமே இல்லையென்றால் சேமிப்பு குடும்பத்தினருக்குச் சமபங்காகப் பிரியும். ஆனால் வேறு உறுப்பினர்கள் இருக்கும்போது மேஜரான மகனுக்கும், கணவர் உயிரோடு உள்ள மணமான மகளுக்கும் பங்கு கிடையாது. சொத்துரிமைச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். இ.டி.எல்.ஐ.யும் இதே ஆட்களுக்குத்தான். மணமாகாதவர் இறந்து, துணைவரோ பிள்ளையோ இல்லாவிட்டால் ஓய்வூதியம் நாமினிக்குப் போகும். நாமினியும் இல்லையென்றால் சார்ந்திருந்த தந்தைக்கு, அவருக்குப் பின் தாய்க்கு.

காகிதங்களில் முதன்மையானது இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாளைத் தாண்டினால் அனுமதி, ஓராண்டைத் தாண்டினால் நிர்வாக நடுவர் உத்தரவு என்று வளர்ந்துகொண்டே போகும். பதியும்போதே பெயரை ஆதாரில் உள்ளபடி எழுதுங்கள். நம் ஊரில் இன்ஷியல்தான் முதல் எதிரி. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இன்ஷியல், பி.எஃப்.-இல் முன்னால், வங்கியில் அப்பா பெயர் முழுவதுமாகக் கடைசியில், இறப்புச் சான்றிதழில் இன்ஷியலே இல்லை. நான்கும் ஒருவர்தான் என்று மனிதருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. வேறுபாடு இருந்தால் நிறுவனத்தோடு சேர்ந்து கூட்டு உறுதிமொழிப் படிவம் கொடுத்துத் திருத்தலாம். உறுப்பினர் இறந்துவிட்டால் நாமினியோ வாரிசோ கையெழுத்திடலாம். இறந்தவரின் யு.ஏ.என்.-இல் ஆதாரே இணைக்காமல் இருந்தாலும் கலங்க வேண்டாம், மரண நேர்வுகளில் காகித மனுவை அலுவலகப் பொறுப்பதிகாரியின் ஒப்புதலோடு ஏற்க 2024-லேயே வழி செய்துவிட்டார்கள்.

செல்லும் நியமனம் இருந்தால் பி.எஃப்.-க்கு வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை. நியமனம் இல்லாதபோதுதான் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வரும். நீதிமன்றத்தில் வாங்கும் இறங்குரிமைச் சான்றிதழ் வேறு. அதற்கு மாதங்களும் கட்டணமும் ஆகும். 'கோர்ட் சர்டிபிகேட் வேண்டும்' என்று யாராவது சொன்னால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பாதி நேரம் தாசில்தார் சான்றிதழே போதும் என்று ஆகிவிடும். மைனர் பிள்ளைகளுக்குப் பங்கு இருந்தால் அவர்கள் பெயரிலேயே வங்கிக் கணக்கு திறந்துவைத்துவிடுவது வேலையைச் சுருக்கும். மனைவியின் கணக்கும் தனிக் கணக்காக இருக்கட்டும், அண்ணனோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டாம். காசோலையில் பெயர் அச்சாகி இருக்க வேண்டும்.

நிறுவனம் மூடிக் கிடந்தாலோ கையெழுத்திட மறுத்தாலோ, படிவத்தில் வங்கி மேலாளர், கெசட்டட் அதிகாரி, அஞ்சல் அலுவலர், சட்டமன்ற உறுப்பினர் என்று சான்றொப்பம் இடக்கூடியவர்களின் பட்டியல் இருக்கிறது. கணக்குக் கிடக்கும் வங்கியின் மேலாளர்தான் எளிது. எல்லாம் சரியாக இருந்தால் 20 நாளில் தீர்க்க வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் 12 சதவீத வட்டி என்று விதியே சொல்கிறது. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்ற முகாம் நடக்கிறது, கோப்பு எண்ணோடு அங்கே போனால் பதில் கிடைக்கும். சதவீதம் பேசும் ஏஜென்ட்டுகளுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

இனி நிறுவனத்தின் பக்கம். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. "ஐந்து வருஷம் முடியவில்லையே, உங்களுக்கு வராது" என்று சொல்லும் ஹெச்.ஆர்.கள் இன்னும் இருக்கிறார்கள். மரணத்துக்கு ஐந்து வருட விதி பொருந்தாது. கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்துச் சேவை வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடம். 24,000 சம்பளத்தில் 3 வருடம் 7 மாதம் வேலை பார்த்தவருக்கு 4 வருடக் கணக்கில் 55,385 ரூபாய். சட்டப்படி உச்சம் 20 லட்சம். 2025 நவம்பர் 21-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த பிறகு 'ஊதியம்' என்பதன் பொருளும் மாறியிருக்கிறது: படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும். அடிப்படைச் சம்பளத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த நிறுவனங்களில் பணிக்கொடை இதனால் கூடும். கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும், தாண்டினால் வட்டி. நாமினி படிவம் இங்கே தனி, பி.எஃப்.-இல் போட்ட பெயர் இதற்கு வராது.

கடைசி மாதச் சம்பளம், போனஸ், எடுக்காத விடுப்புக்கான பணம் ஆகியவற்றில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: இறந்தவரின் வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள், பணம் அங்கே வரலாம். வாரிசுக்குத் தரும் விடுப்புப் பணத்துக்கு வருமான வரி கிடையாது, பிடித்திருந்தால் கேளுங்கள். 'எல்லாக் கணக்கும் தீர்ந்தது' என்ற தாளில் கையெழுத்து கேட்டால், பணிக்கொடையும் காப்பீடும் வரும்வரை இடாதீர்கள், அல்லது பெற்ற தொகையை மட்டும் எழுதிக் கையெழுத்திடுங்கள். நிறுவனக் கடன் பாக்கி இருக்கிறது என்று பி.எஃப். படிவத்தை நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. வெளிக் கடன்காரர்களும் பி.எஃப். தொகையை ஜப்தி செய்ய முடியாது.

குழு ஆயுள் காப்பீட்டில் ஒரு நுணுக்கம். உயர்ந்த சம்பளக்காரர்களுக்கு ஒரு வரம்புக்கு மேற்பட்ட காப்பீட்டுத் தொகைக்கு மருத்துவப் பரிசோதனை கேட்டிருப்பார்கள். வேலை நெருக்கடியில் போகாமல் விட்டிருந்தால் வரம்பு வரைதான் கிடைக்கும். வேலையில் சேரும்போது தந்த கடிதத்தில் எழுதிய தொகையை நம்பியிருந்த குடும்பத்துக்கு இது இடி. விபத்து என்றால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டும் கட்டாயம் கேட்பார்கள், ஆகவே அப்போதே நகல் வாங்கிவைக்க வேண்டும். குழு மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கிறது, குடும்பத்தைத் தனிப் பாலிசிக்கு மாற்ற முடியுமா என்பதை முதல் வாரமே கேளுங்கள்.

வேலையினால் நேர்ந்த மரணம் என்றால் வழி பிரிகிறது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ள, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு பெற்றவர் எனில், சராசரித் தினக்கூலியில் 90 சதவீதம் சார்ந்தோர் உதவியாக வரும். மனைவிக்கு ஐந்தில் மூன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு. கூட்டினால் முழுத் தொகையைத் தாண்டும்போது விகிதப்படி குறையும். அந்த 90 சதவீதம் தினம் 540 ரூபாய் என்றால், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் மனைவிக்கு ஏறக்குறைய 231, பிள்ளைகளுக்குத் தலா 154. மரணத்துக்குக் காரணம் எதுவானாலும் ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை உண்டு. மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ. இல்லாதவருக்குத் தொழிலாளர் இழப்பீடு. அதில் நிறுவனம் பணத்தைக் குடும்பத்தின் கையில் நேரே கொடுத்துத் தீர்த்துவிட முடியாது, இழப்பீட்டுக்கென்று அரசு நியமித்த அதிகாரியிடம் கட்ட வேண்டும். முன்பே ஏதோ கொடுத்தோம், தீர்ந்தது என்று சொன்னால் சட்டத்தில் அது தீர்வாகாது.

இதைப் படிக்கும் சம்பளக்காரர் பி.எஃப். உறுப்பினர் தளத்தில் 'மேனேஜ்' பகுதிக்குள் இ-நாமினேஷனைத் திறந்து பார்க்கலாம். உறுப்பினரின் புகைப்படம் ஏற்றியிருக்க வேண்டும், குடும்பத்தினரின் ஆதார் எண்ணும் படமும் கையில் வேண்டும். குடும்பப் பட்டியலைச் சேர்த்து, பங்கு விகிதத்தைக் குறித்து, சேமித்ததோடு முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். ஆதார் ஓ.டி.பி. மூலம் இ-சைன் செய்யும்வரை அது நிலுவையில்தான் கிடக்கும், செல்லாது. கல்யாணம் ஆனாலோ, குழந்தை பிறந்தாலோ புதிதாக ஒன்று போட வேண்டும். கடைசியாக இ-சைன் ஆனதுதான் கணக்கு.